என்.ஆர்.எல். நடுவர்களின் தரம் விழுந்துவிட்டதா?

"முழுநேர நடுவர்கள் இருக்கிறார்கள், வீடியோ பார்க்கவென்றே தனி அறை இருக்கிறது. ஆனாலும் ரக்பி லீக் நடுவர்களின் தரம் வருடத்துக்கு வருடம் இறங்குகிறதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில் பக்கம் குடியிருப்பவன். இந்தப் பக்கம் இருந்தால், என்.ஆர்.எல். என்ற ஆஸ்திரேலிய ரக்பி லீக் தொடரில் ஆடும் பரமட்டா ஈல்ஸ் அணியின் ரசிகனாக இருப்பது கிட்டத்தட்ட கட்டாயம். 1986-க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத கூட்டம் நாங்கள். நடுவரைத் திட்டுவதில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நடுவர்களுக்கான வக்காலத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தரம் இறங்கவில்லை என்பதுதான் என் எண்ணம். விதிகளை எழுதியிருக்கும் விதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பிடியிலும் (டாக்கிள்) ஏதாவதொரு குற்றம் இருக்கும். எதை ஊதுவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பதில்தான் நடுவரின் திறமையே இருக்கிறது. அந்த 'எவ்வளவு விடலாம்' என்ற அளவை நிர்வாகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சில நேரம் சீசனுக்கு நடுவிலேயே மாற்றிவிடுகிறது. நாம் தரம் இல்லை என்று கத்துவது பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான்.

நம்மில் பலருக்கு, முக்கியமாகக் கண்டி, கொழும்புப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, ரக்பி என்றால் 15 பேர் ஆடும் யூனியன்தான். லீக் என்பது 1895-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வடபகுதி கிளப்புகள் பிரிந்துபோய் உருவாக்கிய ஆட்டம், 13 பேர். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தியதும் யூனியனில்போல ஆட்கள் குவியலாக விழுந்து பந்துக்குப் போராடுவதில்லை. பிடித்தவர்கள் விட்டுவிட வேண்டும். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டி ஆட்டத்தைத் தொடங்குவார். இதற்குப் பெயர் பிளே-த-பால். இப்படி ஆறு பிடி. ஆறாவதிலும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. 1960-களின் நடுப்பகுதி வரை பிடிகளுக்குக் கணக்கே கிடையாது. அந்தக் காலத்தில்தான் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 கோப்பைகள் வென்றது. பிறகு நான்கு பிடி என்று வைத்துப் பார்த்தார்கள், 1970-களின் தொடக்கத்தில் ஆறாக்கினார்கள்.

கபடி பார்த்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். பாடிப் போனவர் பிடிபட்டபின் கை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று எவ்வளவு சண்டை வரும்! ஆனால் அங்கே ஒரு ரெய்டுக்கு ஒரு தீர்ப்பு, அதோடு ஆட்டம் ஒரு மூச்சு நிற்கும். இங்கே ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 300 பிடி பிடிக்கிறது. இரு அணிக்கும் சேர்த்து 600-க்கு மேல், 80 நிமிடத்தில். ஒவ்வொன்றிலும் நடுவர் சில நொடிகளுக்குள் பார்க்கவேண்டியது என்னவென்றால்: பிடிபட்டவர் நின்றுவிட்டாரா; பிடித்தவர்கள் எவ்வளவு நேரம் மேலே கிடக்கிறார்கள்; கை கழுத்துக்குப் போனதா; எழுந்தவர் உண்மையிலேயே காலால் பந்தைத் தொட்டாரா; முன்னால் நிற்கும் இரண்டு மார்க்கர்களும் நேராக நிற்கிறார்களா; மற்றத் தடுப்பாளர்கள் 10 மீட்டர் பின்வாங்கினார்களா. இது எத்தனையாவது பிடி என்ற கணக்கும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்கு எளிதான வேலைதானே என்று தோன்றும். 2013-ல், தோற்றால் வெளியேறவேண்டிய எலிமினேஷன் ஃபைனலில் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு எதிராகக் க்ரொனுல்லா ஷார்க்ஸ் ஏழாவது பிடியில் ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டது. களத்தில் இரண்டு நடுவர்கள் இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. ஷார்க்ஸ் 20–18 என்று வென்றது. ட்ரைக்கு 4 புள்ளி என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது புதுத் தவறும் இல்லை. 1978 இறுதிச்சுற்றுகளில் மேன்லி அணி ஏழாவது பிடியில் போட்ட ட்ரையை எங்கள் ஊர் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று தோற்றது பரமட்டா. மதுக்கடையில் இந்தப் பேச்சை எடுத்துவிட்டு நீங்கள் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது.

இந்த ஆட்டத்தில் காசு எங்கே இருக்கிறது என்றால், பிடிபட்டவர் மண்ணில் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில். அந்த நேரத்தை நீட்டினால் தடுப்பு வரிசைக்குத் திரும்பி நிற்க அவகாசம் கிடைக்கும். சுருக்கினால் தாக்கும் அணிக்குக் கொண்டாட்டம். மெல்போர்ன் ஸ்டார்ம் இதைப் புரிந்துகொண்டு மல்யுத்தப் பயிற்சியாளரையே வைத்துக்கொண்டது. மற்றவர்களும் பின்னால் போனார்கள். மேலே கிடக்கும் தடுப்பாளர் "எழுந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்று நடுவருக்குக் காட்டியபடியே எழாமல் இருப்பது இப்போது தனிக் கலை. முழங்காலை மடக்கி அமுக்குவது, கையைப் பின்னால் முறுக்குவது, இடுப்பின் எடையை எதிராளி காலின்மேல் இறக்குவது என்று புதிதுபுதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நிர்வாகம் ஒரு பெயர் வைத்துத் தடைசெய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இந்த ஓட்டத்தில் நடுவர் எப்போதும் ஓர் அடி பின்னால்தான்.

எல்லாம் ஊதினால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்தார்கள். 2018 தொடக்கத்தில் பிளே-த-பால், 10 மீட்டர் இரண்டிலும் இனி விதிப்படிதான் என்று கண்டிப்பு வந்தது. நான்காவது சுற்றில் ஷார்க்ஸ்–ஸ்டார்ம் ஆட்டத்தில் நடுவர் மேட் செச்சின் இரு பக்கமும் சேர்த்து 33 பெனால்டி ஊதினார். ஸ்டார்ம் தலைவர் கேமரன் ஸ்மித் தர்க்கம் செய்ததற்காகப் பத்து நிமிடம் களத்துக்கு வெளியே, சின்-பின்னில், உட்கார வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் வெறுத்துப்போனார்கள், தொலைக்காட்சி விமர்சகர்கள் கொதித்தார்கள், சில வாரங்களில் கண்டிப்பு தளர்ந்தது. சொன்னபடி ஊதியவர்தான் கடைசியில் வில்லன். இதே கதை 2021 மே மாதம் பிரிஸ்பேனில், ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களும் ஒரே அரங்கில் நடந்த மேஜிக் ரவுண்டிலும். தலைமீது கை பட்டால் விடமாட்டோம் என்று அறிவித்துவிட்டு, அந்த ஒரே வாரத்தின் எட்டு ஆட்டங்களில் 3 பேரை வெளியே அனுப்பினார்கள், 14 பேரை சின்-பின்னுக்கு. தலைக்காயம் விளையாட்டு இல்லைதான், அந்த நோக்கத்தில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் போன வாரம் ஒரு பெனால்டியோடு போன பிடிக்கு இந்த வாரம் பத்து நிமிடம் என்றால், ரசிகன் நடுவரைத்தானே முறைப்பான்?

இரு அணியினரும் தோளோடு தோள் கோத்து நிற்க, நடுவில் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்க்ரம்மைப் பாருங்கள். பந்தை நடுவில் நேராகப் போட வேண்டும் என்றுதான் விதி. லீக்கில் அது எப்போதோ செத்துவிட்டது; தன் பக்கத்துக் காலுக்கே உருட்டுகிறார்கள், யாரும் ஊதுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு விதியை மறந்துவிட்டால் அதில் சர்ச்சையே வராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி 2020. அந்த வருட மாற்றம்தான் இன்றைய புலம்பலின் ஊற்று என்று நினைக்கிறேன். 2009 முதல் என்.ஆர்.எல். ஆட்டங்களில் களத்தில் இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். ஒருவர் தலைமை, மற்றவர் 'பாக்கெட்' நடுவர்; மாறி மாறி 10 மீட்டரையும் ரக்கையும் (பிடிபட்டவர் விழுந்து எழும் இடம்) பார்த்துக்கொள்வார்கள். கோவிட் இடைவேளைக்குப் பிறகு 2020 மே 28 அன்று ஆட்டம் மறுபடி தொடங்கியபோது பழையபடி ஒரே நடுவர் என்றாக்கினார்கள். நடுவர்களின் சங்கம் எதிர்த்தது, விவகாரம் தொழில் ஆணையம் வரை போய்ச் சமரசமானது. அதே நாளில் இன்னொரு மாற்றம்: ரக்கில் மெதுவாக்கினால் இனி பெனால்டி இல்லை, ஆட்டத்தை நிறுத்தாமல் கையை ஆட்டி 'சிக்ஸ் அகைன்'. அதாவது பிடிக்கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தின் தலைவர் பீட்டர் விலாண்டிஸுக்கு ஆட்டம் வேகமாக, விசில் சத்தம் குறைவாக இருக்க வேண்டும்.

வேகம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் என்ன போயிற்று என்று பாருங்கள். பெனால்டி ஊதினால் ஆட்டம் நிற்கும், யார், எதற்கு என்று நடுவர் சைகையால் காட்டுவார், மைக்கில் சொல்வார், தலைவர் வந்து கேட்பார். சிக்ஸ் அகைனில் ஒரு கையாட்டல், அவ்வளவுதான். யார் செய்த குற்றம் என்று அரங்கில் இருக்கும் முப்பதாயிரம் பேருக்கும் தெரியாது, பாதி நேரம் செய்தவருக்கே தெரியாது. நடுவரின் தீர்ப்பு கண்ணில் படாத ஒன்றாகிவிட்டது, ஆட்டத்தைத் திருப்பும் பலம் மட்டும் குறையவில்லை. தொடர்ந்து மூன்று செட் (ஒரு செட் என்றால் ஆறு பிடி) பந்து வைத்திருக்கும் அணிக்கு எதிரே தடுப்பவர்கள் களைத்து விழுவார்கள். 2021-ல் 10 மீட்டர் குற்றத்துக்கும் அதையே நீட்டினார்கள். அந்த வருடம் ஒருதலைப்பட்சமான ஸ்கோர்கள் குவிந்தன. ஸ்டார்ம் தொடர்ந்து 19 ஆட்டம் வென்று 1975-ன் சாதனையைச் சமன்செய்தது. பயிற்சியாளர்களும் சும்மா இருப்பார்களா? எதிரணி தன் கோட்டருகே முதல் பிடியில் இருக்கும்போது வேண்டுமென்றே குற்றம் செய்யச் சொன்னார்கள். முதல் பிடியில் கணக்கை மறுபடி தொடங்கினால் என்ன நட்டம்? 2022-ல் நிர்வாகமே இறங்கிவந்து, தாக்கும் அணி தன் 40 மீட்டர் பகுதிக்குள் இருந்தால் பழையபடி முழுப் பெனால்டி என்று திருத்தியது.

ஆக, கண்ணும் ஒரு ஜோடி குறைந்தது, விளக்கமும் குறைந்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு, "நடுவர் தரம்" என்று பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வீடியோவுக்கு வருவோம். 1990-களின் நடுவிலிருந்தே லீக்கில் வீடியோ நடுவர் உண்டு. அதன் நல்ல நாள் ஒன்றைச் சொல்கிறேன். 1999 கிராண்ட் ஃபைனல், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டம், 1,07,999 பேர் கூட்டம். இடைவேளையில் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா 14–0 முன்னிலை. கடைசி நிமிடங்களில் 18–14 என்று நிற்கும்போது மெல்போர்னின் க்ரெய்க் ஸ்மித் பந்தைப் பிடித்துக் கோட்டுக்குள் விழப்போகிறார்; ஜேமி ஐன்ஸ்கஃபின் கை அவர் தலையில் விழ, பந்து நழுவுகிறது. களநடுவர் பில் ஹாரிகன் முடிவை வீடியோ நடுவருக்கு அனுப்பினார். வீடியோவில் பார்த்துப் பெனால்டி ட்ரை கொடுத்தார்கள். கம்பத்துக்கு நேர் எதிரே உதை, 20–18, முடிந்தது. கோப்பையையே தீர்மானிக்கும் முடிவு. அதை எடுக்கத் துணிவு வேண்டும். விதிப்படி சரியான முடிவும்கூட.

2016 முதல் சிட்னியில் ஒரே மையத்தில் உட்கார்ந்து எல்லா ஆட்டங்களையும் பார்க்கிறார்கள், அதுதான் பங்கர். 2020-லிருந்து அணித்தலைவருக்கு ஒரு முறையீடும் உண்டு. கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரி, சரியாகக் கேட்டால் கையில் இருக்கும், தவறினால் போய்விடும். ஆனால் டிஆர்எஸ்ஸில் பெரும்பாலும் கேள்வி, பந்து எங்கே பட்டது என்பது. இங்கே கேள்வி, ஒருவர் இன்னொருவரைத் 'தடுத்தாரா' என்பது. பந்து வாங்குவதுபோல் நடித்து ஓடிவந்த ஏமாற்று ஓட்டக்காரர் தடுப்பாளரின் உள்தோளில் மோதினாரா, வெளித்தோளிலா, அந்தத் தடுப்பாளர் வேண்டுமென்றே போய் விழுந்தாரா என்று ஸ்லோ மோஷனில் முப்பது தடவை போட்டுப் பார்த்தாலும் பதில் படத்தில் இல்லை. மெதுவாக ஓட்டினால் எல்லாமே குற்றம் மாதிரித்தான் தெரியும்.

பந்தைக் கையால் முன்னால் எறிந்தால் குற்றம்; அந்த முன்பாஸ் விஷயத்தில் பங்கருக்குப் பேச்சே கிடையாது. பலருக்கு இது கோபம். ஓடும் பஸ்ஸிலிருந்து பின்பக்கமாக எறிந்த பந்தும் சாலையில் பார்த்தால் முன்னால் போகும் இல்லையா? அதேதான். கையிலிருந்து எப்படிப் புறப்பட்டது என்பதுதான் கணக்கு, எந்தக் கோட்டில் பிடித்தார்கள் என்பது இல்லை. கேமரா சற்றுச் சாய்ந்தாலும் பொய் சொல்லும். அதனால் அதைக் களத்தில் ஓடுபவர்களின் கண்ணுக்கே விட்டிருக்கிறார்கள். அதில் நிர்வாகம் செய்தது சரி என்பேன்.

இப்போது எல்லாரும் எடுத்துக்காட்டும் 2019 கிராண்ட் ஃபைனல். சிட்னி ரூஸ்டர்ஸ், கான்பரா ரெய்டர்ஸ். ரெய்டர்ஸ் 1994-க்குப் பிறகு முதன்முறையாக இறுதியில். 8–8, இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. ரெய்டர்ஸ் ரூஸ்டர்ஸ் கோட்டருகே பந்தை உயரே உதைத்தது, இரு தரப்பும் எழும்பினார்கள், பந்து தெறித்து ரெய்டர்ஸ் கையிலேயே வந்தது. ரூஸ்டர்ஸ் ஆள்மேல் பட்டிருந்தால் புதிதாக ஆறு பிடி. இல்லையென்றால் இதுதான் கடைசி. தலைமை நடுவர் பென் கம்மின்ஸ் கையை உயர்த்தி சிக்ஸ் அகைன் காட்டினார். அடுத்த நொடியே காதில் சக அதிகாரிகள் "இல்லை, கடைசி" என்று சொல்ல, மாற்றினார். ரெய்டர்ஸின் ஜாக் வைட்டன் முதல் சைகையை நம்பி, கடைசிப் பிடியில் வழக்கமாகச் செய்வதுபோல் உதைக்காமல் பந்தோடு பிடிபட்டார். பந்து ரூஸ்டர்ஸுக்குப் போயிற்று. சற்று நேரத்தில் ரூஸ்டர்ஸின் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை, 14–8. சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தைத் தோற்ற அணியின் வைட்டனுக்கே கொடுத்தது அந்த இரவின் கொடுமையான நகைச்சுவை.

இதில் கவனிக்கவேண்டியது, கடைசியாக வந்த முடிவு சரிதான். பந்து ரூஸ்டர்ஸ்மேல் படவில்லை. தொழில்நுட்பமும் கூடுதல் கண்களும் செய்யவேண்டியதைத்தான் செய்தன: தவறைத் திருத்தின. ஆனால் திருத்தியது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது. வீரர்கள் நடுவரின் கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கை சொன்னதை நம்பியவர் தண்டிக்கப்பட்டார். என்னைக் கேட்டால் நான் தவறான சிக்ஸ் அகைனோடே ஆட்டத்தை விட்டிருப்பேன். என் மச்சான் ரூஸ்டர்ஸ் ஆள், அவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "பொய்யான ஆறு பிடியில் கான்பரா ஜெயித்திருந்தால் அது நியாயமா?" என்பார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கான்பரா தன் வாய்ப்பை முன்பே விட்டதும் உண்மை: ரூஸ்டர்ஸின் கூப்பர் க்ரொங்க் சின்-பின்னில் இருந்த பத்து நிமிடமும் அவர்களால் ஒரு ட்ரை போட முடியவில்லை.

இங்கிலாந்துப் பக்கம் சுருக்கமாக. அங்குள்ள முதல்நிலைத் தொடரான சூப்பர் லீக்கில் 2007-லிருந்து முழுநேர நடுவர்கள் உண்டு. ஆனால் 2023 வரை தொலைக்காட்சியில் வரும் ஆட்டத்துக்கு மட்டும்தான் வீடியோ நடுவர். மற்ற ஆட்டத்தில் கண்ணே துணை. ஒரே தொடரில் வியாழக்கிழமை ஒரு நீதி, வெள்ளிக்கிழமை இன்னொரு நீதி. 2024-ல்தான் எல்லா ஆட்டத்துக்கும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அங்கே நடுவர்களின் துணிவு குறைவில்லை. 2014 கிராண்ட் ஃபைனலில் இரண்டாவது நிமிடத்திலேயே விகன் அணியின் பென் ஃப்ளவரை, விழுந்துகிடந்த எதிராளியைக் குத்தியதற்காக, ஃபில் பென்தம் யோசிக்காமல் வெளியே அனுப்பினார்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று இருக்கிறது. மேலே 33 பெனால்டி ஊதியவர் என்று சொன்ன மேட் செச்சின்தான் 2013 ஏழாவது பிடியின்போதும் களத்தில் இருந்த இருவரில் ஒருவர். 2017 உலகக் கோப்பை அரையிறுதியில், ஆக்லாந்தில், இங்கிலாந்து 20–18 முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் டோங்காவின் ஆண்ட்ரூ ஃபிஃபிடா கோட்டை நோக்கிப் போகையில் பந்து நழுவியது. செச்சின் வீடியோவுக்கு அனுப்பாமலே டோங்காவுக்கு எதிராக முடிவு சொன்னார். அதற்குப்பின் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2008 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்திடம் தோற்ற ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ரிக்கி ஸ்டூவர்ட், நடுவர் ஆஷ்லி க்ளைனை ஓட்டலில் கண்டபடி பேசிவிட்டுப் பதவியையே விட வேண்டியதாயிற்று. மேலே இப்படி என்றால் கீழே எப்படி இருக்கும்?

என் மகன் ஒன்பது வயதுப் பிரிவில் ஆடியபோது சனிக்கிழமை காலைகளில் கோட்டருகே நிற்பேன். விசில் வைத்திருப்பது பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ. ஒருநாள் ஒரு தகப்பன், நம்மவர்தான், பிடிக்கணக்கு தவறியதற்காக அந்தப் பையனை அப்படித் திட்டினார். பையன் ஊதுவதை நிறுத்தவில்லை, குரல் மட்டும் போய்விட்டது. அடுத்த வாரம் அவன் வரவில்லை. வேறொரு தகப்பன் செருப்புக்காலோடு ஊதினார். 2019-ல் முதல் பெண் நடுவராக என்.ஆர்.எல். களத்தில் இறங்கிய பெலிண்டா ஷார்ப் போன்றவர்கள் வரவேண்டியது இந்தப் பிள்ளைகள் நடுவிலிருந்துதான். பதினாறு வயதில் பாதிப்பேர் விட்டுப்போனால் மேலே தேர்ந்தெடுக்க யார் இருப்பார்கள்?

என்ன செய்யலாம் என்றால், எனக்கு இரண்டே ஆசை. பாக்கெட் நடுவரைத் திரும்பக் கொண்டுவரட்டும். செலவு என்பார்கள், இவ்வளவு ஒளிபரப்புப் பணம் வரும் தொடரில் அதை ஒரு காரணமாக நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது, சீசன் தொடங்கியபின் எந்த விதிக்கும் புதுப் பொருள் சொல்லக்கூடாது. தவறான பொருளாக இருந்தாலும் அக்டோபர் வரை அதோடே போகட்டும். நான்காவது சுற்றில் கொண்டுவரும் திருத்தத்தைவிட, எல்லாருக்கும் ஒரேமாதிரி தவறாக ஊதுவது மேல்.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் இருபது நிமிடம் பந்தை விட்டுவிட்டு, பிடிபட்டு எழுபவரின் காலையும் மார்க்கர்களையும் மட்டும் பாருங்கள். கையில் ஒரு தாள், ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு கோடு. போன சீசனில் நான் ஈல்ஸ் ஆட்டம் ஒன்றில் ஆரம்பித்து, பதினோராவது நிமிடத்தில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அதுவரை போட்ட கோடுகளில் பாதிக்கு மேல் எங்கள் பையன்களுடையது.